ஆள் சரியில்லை, ஆட்டம் நல்லது: கைதட்டலாமா?

9 மார்ச் 2025

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி கேட்டது, அவன் எழுதியபடியே:

"திறமை இருக்கிறது என்பதற்காக ஒருவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறோம். ஆள் எப்படிப்பட்டவன் என்று யாரும் பார்ப்பதில்லை. குணம் இல்லாதவனுக்குக் கைதட்டுகிறவன் அவன் செய்ததற்கும் உடந்தை. வெற்றியையும் திறமையையும் விடக் குணத்தைத்தான் இரசிகன் மதிக்க வேண்டும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கோ அண்ணை."

இருக்கிறது. இன்று முழுவதும் நெல் மூட்டை ஏற்றி இறக்கியதில் இடுப்பு நோகிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். விளையாடுகிறவனுடைய குணம் உனக்கு எப்படித் தெரியும்? என் பக்கத்துக் காணிக்காரனின் குணம் தெரிய எனக்குப் பதினைந்து வருசம் எடுத்தது. அதுவும் ஒரு சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் குறைந்தபோதுதான் தெரிந்தது. அதுவரை அவரைப் போல நல்ல மனிதர் இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படியிருக்க, ஏழு கடல் தாண்டி விளையாடுகிறவனைத் தொலைக்காட்சியில் இரண்டு மணித்தியாலம் பார்த்துவிட்டு, இவன் தங்கமான பெடியன், அவன் தலைக்கனம் பிடித்தவன் என்று சான்றிதழ் எழுதுகிறோம். சிரித்த முகம் என்றால் நல்லவன். அவ்வளவுதான் நம்முடைய பரிசோதனை.

என் கட்சி இதுதான்: ஆட்டத்தைப் பார், பிடித்தால் கைதட்டு, வீட்டுக்குப் போ. பெண் கொடுக்கவா போகிறோம்?

9 மார்ச், இரவு

நித்திரை வரவில்லை. பகல் எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வேறு யாரும் கண்டுபிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

2003 மார்ச் 18. உலகக்கிண்ண அரையிறுதி, போர்ட் எலிசபெத், இலங்கையும் ஆஸ்திரேலியாவும். போரில் மூடிக்கிடந்த ஏ9 வீதி திறந்து ஒரு வருசம் ஆகவில்லை. கிளிநொச்சியில் ஒரு கடைக்காரர் ஜெனரேட்டர் போட்டுத் தொலைக்காட்சி வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு பிளேன்டீ வாங்கினால் நின்று பார்க்கலாம். அரவிந்த டி சில்வாவின் பந்தை ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் மடக்கி அடிக்கப் போனார். பந்து மட்டையில் உரசிக் காலில் பட்டு மேலே கிளம்ப, சங்கக்கார பிடித்துவிட்டார். நடுவர் இல்லை என்று தலையாட்டினார். ஆள் 22 ஓட்டத்தில் நிற்கிறார், அடிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாத ஆள். பந்து பட்டது என்று தனக்குத் தெரியும் என்பதற்காக மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானே நடந்து போனார்.

கடைக்குள் ஒருவர், "விசரன்" என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது.

அன்று நான் பார்த்தது குணமா, இல்லையா? குணம் வெளியே தெரியாது என்று பகல் எழுதிய வாய்க்கு இப்போது என்ன பதில் சொல்வது? சரி, படுக்கிறேன்.

11 மார்ச்

இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் சொல்வது: "ஆஸ்திரேலியா வென்றது. அதனால்தான் அந்தக் கதை இன்னும் ஓடுகிறது. தோற்றிருந்தால் அதே ஆளை அவர்களுடைய நாட்டிலேயே கிழித்திருப்பார்கள்." வென்றது உண்மைதான். மழை வந்து ஓட்டக் கணக்கை மாற்றி 48 ஓட்டத்தால் வென்றார்கள். அரையிறுதியில் வென்று, கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு போன பிறகு நேர்மையைப் பாராட்டுவது இலகு. இதை எழுதும்போது, அவர் சொல்வது சரி என்றுதான் பட்டது.

அப்புறம் வவுனியாவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரே சொல்லில் பதில் போட்டார்: "வோல்ஷ்." சேர், மறந்தே போனேன்.

1987 உலகக்கிண்ணம், லாகூர், பாகிஸ்தானும் மேற்கிந்தியாவும். பாகிஸ்தானுக்குக் கடைசி விக்கெட். கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டம் தேவை. கோட்னி வோல்ஷ் பந்து போட ஓடி வருகிறார். மறுமுனையில் நிற்கும் சலீம் ஜாபர், பந்து கையை விட்டுப் போகுமுன்னே கோட்டை விட்டு ஓடத் தொடங்கிவிட்டார். வோல்ஷ் நின்ற இடத்தில் குச்சியைத் தட்டியிருந்தால் ஆட்டம் முடிந்தது, மேற்கிந்தியா வென்றது. சட்டமும் அவர் பக்கம். அவர் நின்றார், எச்சரித்தார், திரும்பிப் போய் மறுபடி பந்தைப் போட்டார். அப்துல் காதர் அடித்தார், பாகிஸ்தான் வென்றது. முதல் இரண்டு உலகக்கிண்ணங்களையும் வென்ற மேற்கிந்தியா அந்த முறை அரையிறுதிக்கே வரவில்லை.

அவர் தோற்றவர். கதை நாற்பது வருசத்தை எட்டப் போகிறது, இன்னும் சொல்கிறார்கள், நான்கூடச் சொல்கிறேன். ஆகவே வென்றதால்தான் பாராட்டு என்பதும் சரிவராது. நேற்று ஒரு கட்சி, இன்று ஒரு கட்சி, எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். ஆசிரியர் இந்தக் கதையை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லுவாராம். கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கேள்விதான் கேட்பார்களாம்: "சேர், அவருடைய கப்டன் பிறகு அவருக்கு என்ன சொன்னவர்?"

14 மார்ச்

பெரிய ஆட்களை விடுவோம். நம்முடைய மைதானத்துக்கு வருவோம். இங்கேதான் குணம் என்றால் என்னவென்று தெரியும், ஏனென்றால் ஆட்டம் முடிந்து அதே ஆளோடுதான் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகவேண்டும்.

மென்பந்துச் சுற்றுப்போட்டி நடக்கும் ஊர்களில் பெரிய வருத்தம் எது என்று கேட்டால் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: வெளியாளை இறக்குவது. ஒவ்வொரு கழகமும் முதலே பெயர்ப் பட்டியல் கொடுக்கவேண்டும், அந்தப் பட்டியலில் உள்ளவர்தான் விளையாடலாம். இறுதிப் போட்டி என்றதும் எங்கிருந்தோ ஒரு மோட்டார் சைக்கிள் வரும். பின்னால் இருந்து ஒரு பெடியன் இறங்குவான். பட்டியலில் இருக்கிற யாரோ ஒருவரின் பெயர் அவனுக்கு அன்று பின்னேரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஆறு பந்தில் மூன்றை வேலிக்கு வெளியே அடிப்பான். கேட்டால், "எங்கட பெடியன்தான், கொழும்பில படிச்சவன்" என்பார்கள்.

இப்படி வென்ற கிண்ணத்தை எந்த முகத்தோடு கழக அறையில் வைப்பது? நான் எட்டு வருசம் எங்கள் கழகத்தின் செயலாளராக இருந்தேன். எங்கள் கழகம் அப்படி ஒருநாளும் செய்ததில்லை. தோற்றாலும் நம்முடைய பதினொரு பேரோடுதான் தோற்றோம். தம்பி கேட்கும் குணம் இதுதான் என்றால், இதில் நான் தம்பியின் பக்கம்.

15 மார்ச்

மேலே கடைசிப் பந்தியில் எழுதியது பொய்.

காலையில் பழைய கழகத்து நண்பர் ஒருவர் அழைத்தார். சுகம் கேட்கவில்லை, ஒன்றும் இல்லை. "அண்ணை, கட்டார் ஞாபகம் இருக்கோ?" என்றார். வைத்துவிட்டார்.

ஞாபகம் இருக்கிறது. மறந்து போனேன் என்றுகூடச் சொல்லமுடியாது. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு விட்டு, பிறகு கணக்கே சுத்தம் என்று நம்பிவிட்டேன்.

2013. இறுதிப் போட்டி. எங்கள் முதல் துடுப்பாட்டக்காரனுக்குக் காய்ச்சல். பட்டியலில் இருந்த ஒரு பெடியன் மூன்று மாதத்துக்கு முன்பே கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான், பெயரை வெட்டவில்லை. வவுனியாவில் நன்றாக அடிக்கிற ஒருவன் இருக்கிறான் என்று தெரியும். ஆள் அனுப்பிக் கூட்டிவந்தோம். பெற்றோல் காசு நான்தான் கொடுத்தேன். நாற்பதுக்கு மேல் அடித்தான். வென்றோம்.

ஆட்டநாயகன் என்று ஒலிபெருக்கியில் கட்டார்க்காரனின் பெயரைக் கூப்பிட்டார்கள். வவுனியாப் பெடியனுக்கு அது தன் பெயர் என்று ஒரு நிமிசம் பிடிபடவில்லை, பக்கத்தில் நின்றவன் முதுகில் குத்தித்தான் மேடைக்கு அனுப்பினான். பிரச்சினை அங்கே இல்லை. ஒலிபெருக்கிச் சத்தம் இரண்டு ஒழுங்கை தாண்டிக் கேட்கும். கட்டார்க்காரனின் தாய் குசினியில் நின்றவர், பிள்ளையின் பெயர் கேட்டு அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, "எப்ப வந்தவன், ஏன் வீட்ட வரேல்லை" என்று மைதானத்துக்கு ஓடி வந்துவிட்டார். நான் அவரைக் கிண்ணம் கொடுக்கும் மேடைக்குப் போகவிடாமல் ஒரு மரத்தடியில் வைத்துச் சமாளித்தேன். என்ன சொல்லிச் சமாளித்தேன் என்பது இப்போதும் வாயில் வரவில்லை. அன்றிரவு படம் முகநூலில் ஏறியது. கட்டாரிலிருந்து அவன் கீழே எழுதினான்: "எனக்கு எப்ப விளையாடத் தெரிஞ்சது?"

இதை இருபது தரம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நேற்று எழுதும்போது இது ஏன் வரவில்லை என்றுதான் யோசிக்கிறேன். சிரித்துச் சிரித்து அது பகிடிக்கதை ஆகிவிட்டது. களவுக் கணக்கிலிருந்து கழன்றுவிட்டது.

தம்பி, இதில் உனக்கும் ஒன்று இருக்கிறது. நீ விளையாடுகிறவனுடைய குணத்தைக் கேட்டாய். அந்த வவுனியாப் பெடியன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தான், அடித்தான். எங்கள் ஊரில் அரைவாசிப் பேருக்கு அவன் யார் என்று தெரியும். தெரிந்துதான் விசில் அடித்தார்கள்.

15 மார்ச், பின்னேரம்

அந்தக் கிண்ணம் எங்கே என்று கேட்கிறார்கள். கழக அறையில்தான். திருப்பிக் கொடுப்பீர்களா என்று கேட்பவருக்கு: இரண்டாவதாக வந்த கழகம் அரையிறுதியில் யாரை இறக்கியது என்று எனக்கும் தெரியும்.

19 மார்ச்

முல்லைத்தீவுக் கரையில் பந்தடி பார்க்கிறவர்கள் மரடோனாவை இழுக்காமல் இந்தக் கதையை முடிக்க விடமாட்டார்கள் என்று தெரியும். வந்துவிட்டார்கள்.

1986 ஜூன் 22, மெக்சிகோ, இங்கிலாந்தோடு காலிறுதி. கையால் தட்டி ஒரு கோல். நடுவர் காணவில்லை. நாலு நிமிசம் கழித்துத் தன் பாதி மைதானத்திலிருந்து பந்தைக் கொண்டுபோய், மறித்தவர்களை எல்லாம் உழக்கிவிட்டு இன்னொரு கோல். ஒரே ஆள், ஒரே பின்னேரம், நாலு நிமிச இடைவெளி. ஒன்று கள்ளம், மற்றது மனிதன் பந்தால் செய்யக்கூடியதில் உச்சம். குணத்தைப் பார்த்துத்தான் கைதட்டவேண்டும் என்றால் இரண்டாவது கோலுக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். அப்படி இருந்தவனை நான் கண்டதில்லை.

எனக்கு அந்தக் கையை விட, பிறகு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் குத்தும். பக்கத்தில் சுவாரெஸை வைத்துப் பார். 2010 ஜூலை 2, உருகுவேயும் கானாவும், காலிறுதி. கடைசி நிமிசத்தில் உள்ளே போகும் பந்தைக் கையால் மறித்தார். ஆபிரிக்காவிலிருந்து முதன்முதல் ஒரு அணி அரையிறுதிக்குப் போக இருந்தது. உலகமே அவரைத் திட்டியது. ஆனால் பார், பிடிபட்டார், சிவப்பு அட்டை வாங்கினார், கானாவுக்குப் பெனால்டி கொடுக்கப்பட்டது. கியான் அடித்தது மேல் கம்பியில் பட்டுப் போனது. சட்டம் என்ன தண்டனை சொல்லியிருக்கிறதோ அதை முழுதாகக் கட்டினார். என் கணக்கில் சுவாரெஸ் செய்தது குற்றம், மரடோனா செய்தது களவு.

21 மார்ச்

"அப்ப பிடிபட்டவன் குற்றவாளி, தப்பினவன் கள்ளன். ரெண்டு பேரும் கையைத்தானே தூக்கினவங்கள்? அவன் பிடிபட வேணும் என்று நினைச்சோ தூக்கினவன்?" — மல்லாவித் தம்பி.

நல்ல அடி. கையில் பதில் இல்லை. நாளை கமக்காரர் கூட்டம், அதற்குப் போகவேண்டும்.

23 மார்ச்

ஒரு பெயரை எல்லாரும் சுற்றிச் சுற்றிப் போகிறார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை. நானே சொல்கிறேன். முரளிதரன்.

முதலில் 1996 மார்ச் 17. எனக்குப் பதினைந்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் வன்னியில் வந்து குவிந்துகொண்டிருந்த காலம். மின்சாரம் இல்லை, பற்றரி கிடைக்காது, கிடைத்தாலும் விலை தொடமுடியாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொடுப்போம். சுற்றுகிறவன் களைத்தால் வர்ணனையும் களைக்கும். லாகூரில் உலகக்கிண்ண இறுதிப் போட்டி. அரவிந்த 107 ஓட்டம் எடுக்கும்வரை ஆறு பேர் முறை வைத்துச் சுற்றினோம். வர்ணனை ஆங்கிலத்தில், பாதி விளங்காது, சனத்தின் இரைச்சலை வைத்து நாலா ஆறா என்று பந்தயம் பிடிப்போம். வென்றதும் கத்திவிட்டோம். ஒழுங்கையால் போன ஒரு பெரியவர் நின்று, "யாருக்கடா கத்துறியள்?" என்று கேட்டார். சுற்றிக்கொண்டிருந்தவன் கையை விட்டுவிட்டான். றேடியோ நின்றது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவரும் பதிலுக்குக் காத்து நிற்கவில்லை.

அந்த அணியில் முரளி இருந்தார். அதற்கு மூன்று மாதம் முந்தித்தான், 1995 டிசம்பர் 26, மெல்பேர்னில் டரல் ஹெயர் என்ற நடுவர், அவர் பந்தைக் கையை மடக்கி எறிகிறார் என்று ஏழு தரம் நோபோல் கொடுத்திருந்தார். பிறகு 1999 இல் அடிலெய்டில் இன்னொரு நடுவர் அதே குற்றம் சொல்ல, ரணதுங்க அணியையே எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போனார். பரிசோதனைக்கு மேல் பரிசோதனை. உலகம் முழுவதும் அவரைப் பற்றிக் கேட்ட கேள்வி: ஆள் கள்ளனா, இல்லையா? இங்கே வன்னியில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. இங்கே கேட்டது வேறு: ஆள் எங்கட ஆளா, இல்லையா?

அவர் ஓய்வு பெற்ற விதம் எனக்குப் பிடிக்கும். 792 விக்கெட்டில் நிற்கும்போதே காலியில் நடக்கும் போட்டியோடு போகிறேன் என்று சொல்லிவிட்டார். எட்டு வேண்டும், ஒரு போட்டிதான் இருக்கிறது. 2010 ஜூலை 22, கடைசியாக விழவேண்டிய இந்திய விக்கெட்டுக்குக் காத்திருந்து எண்ணூறாவதை எடுத்தார். தொடர் முடியும் வரை நின்று ஆறுதலாக எடுத்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பிறகு போரைப் பற்றி அவர் பேசிய சில பேச்சுக்கள் எனக்கும் கசப்பு. 2020 இல் அவருடைய வாழ்க்கையைப் படமாக்கப் போகிறார்கள் என்றபோது எழுந்த எதிர்ப்பில் நடிக்க இருந்த நடிகரே விலகினார். கோபம் பொய்யான கோபம் இல்லை. இங்கே இருக்கிறவர்களுக்கு அதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் நான் கேட்பது, அதைக் குணம் என்று ஏன் சொல்கிறோம்? "முரளிக்குக் குணம் இல்லை" என்று இங்கே சொல்பவரைக் கேட்டுப் பார்: களவு எடுத்தாரா, காசு வாங்கித் தோற்றாரா, ஊக்கமருந்து போட்டாரா? ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் நிற்கவில்லை. அவ்வளவுதான். அதைச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, அதன் சொந்தப் பெயரிலேயே சொல்லு. விசுவாசத்தைக் குணத்தின் பெயரில் இறக்குவதும், வவுனியாப் பெடியனைக் கட்டார்க்காரன் பெயரில் இறக்குவதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. பட்டியலில் பெயர் சரி. மைதானத்தில் நிற்பது வேறு ஆள்.

எதிர்வீரசிங்கத்தை நினைத்துப் பாருங்கள். 1958, டோக்கியோ ஆசிய விளையாட்டு, உயரம் பாய்தல், 2.03 மீற்றர். இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் முதல் தங்கம். அது நடந்த அதே மே மாதக் கடைசியில்தான் இங்கே தமிழரை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பாய்ந்தது சிலோனுக்கு. "யாருக்காகப் பாய்ந்தாய்?" என்று அவரை யாரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. தமிழன் பாய்ந்தான் என்றுதான் எங்கள் தாத்தாமார் மார்தட்டினார்கள். அது எப்படி ஒருவருக்கு ஒரு கணக்கு, மற்றவருக்கு ஒரு கணக்கு?

24 மார்ச்

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான் விட்டேன். ஆனால் மேலே ஒரு தரம் பிடிபட்டிருக்கிறேன், இரண்டாந்தரம் வேண்டாம்.

ஒரு கணக்கு, இன்னொரு கணக்கு ஏன் என்று கேட்டேன். ஒரு காரணம் எனக்குத் தெரியும். முரளி மலையகத் தமிழர்.

என் அம்மாவும். 1977 கலவரத்துக்குப் பிறகு கண்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தாத்தாவோடு வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். வன்னியில் பாதி வயல் அப்படி வந்தவர்களின் கையால் நட்டது. ஆனாலும் சண்டை என்று வந்தால் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டு வயதில் மைதானத்தில் நானும் கேட்டிருக்கிறேன், ஆட்டமிழந்தேன் என்று ஒத்துக்கொள்ளாமல் நின்றதற்கு. "தோட்டக்காட்டான் புத்தி" என்றான். பந்து மட்டையில் பட்டது உண்மை. நான் நின்றது பிழை. ஆனால் அவன் சொன்னது என் பிழையைப் பற்றி இல்லை.

அம்மாவுக்குக் கிரிக்கெட் ஒன்றும் தெரியாது. ஒரு பக்கம் எத்தனை பேர் என்று கேட்டாலும் தெரியாது. ஆனால் முரளி பந்து போடுகிறார் என்றால் உலை கொதித்தாலும் வந்து நிற்பார். "அந்தப் புள்ள கை பொறக்கையிலயே வளஞ்சது. அதப் போயி கள்ளன்னு சொல்லுறானுங்க" என்பார். முரளி பேசியது, பேசாதது எல்லாம் நான் எடுத்துச் சொல்லியும் பார்த்தேன். "நீ போயி அந்தத் தோட்டத்துல பொறந்து பாரு" என்றார். அவர் தோட்டத்தில் பிறக்கவில்லை, தகப்பனுக்கு பிஸ்கட் வியாபாரம் என்றேன். "அப்பன் பிஸ்கட் வித்தா? தாத்தன் என்ன வித்தாரு?" என்றார்.

குணமும் இல்லை, திறமையும் இல்லை, வெற்றியும் இல்லை. தம்பியின் கேள்வியில் அம்மாவுக்கு இடமே இல்லை. ஆனால் நான் கண்ட இரசிகர்களில் அவர்தான் முதல்.

30 மார்ச்

ஒருவர் கேட்கிறார்: "மைதானத்துக்கு வெளியே நல்லது செய்கிறவனை மதிக்கலாம்தானே? ஏழைகளுக்கு உதவுகிறவன், ஆஸ்பத்திரி கட்டுகிறவன்?"

லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங். புற்றுநோயிலிருந்து தப்பி வந்தவர். புற்றுநோயாளருக்கென்று அமைப்பு தொடங்கினார், மஞ்சள் கைப்பட்டி உலகமெல்லாம் போட்டார்கள். அதெல்லாம் பொய் இல்லை. பிரான்ஸ் சைக்கிளோட்டத்தில் ஏழு பட்டமும் ஊக்கமருந்தால் வந்தது என்பதும் பொய் இல்லை. 2012 இல் ஏழையும் பறித்தார்கள். அவர் ஊக்கமருந்து போட்டதைச் சொன்னவர்களை வழக்குப் போட்டுத் துரத்தினாரே, அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? நல்லவர், கள்ளர், கொடுமைக்காரர், மூன்றும் ஒரே ஆள்.

ஆகவே இன்றைக்கு என் நிலை இவ்வளவுதான். கோட்டுக்கு உள்ளே செய்தது ஆட்டத்தின் கணக்கு, அதை இரசிகன் கேட்கலாம், கேட்கவும் வேண்டும், ஏனென்றால் கள்ளம் கலந்தால் நீ பார்த்தது ஆட்டமே இல்லை. கோட்டுக்கு வெளியே ஒருவன் அடித்தான், பறித்தான் என்றால் அதற்கு நீதிமன்றம் இருக்கிறது, அடிபட்டவர் இருக்கிறார். அங்கே நான் இரசிகனாகப் போய்ப் பேசக்கூடாது. முக்கியமாக, "ஆள் நல்ல விளையாட்டுக்காரன், விட்டுவிடுங்கோ" என்று பேசப் போகக்கூடாது.

இதுவும் எத்தனை நாளைக்கோ.

2 ஏப்ரல்

இலங்கைப் பந்துவீச்சாளர் ரந்திவை யாரும் சொல்லவில்லையே. 2010 ஓகஸ்ட், தம்புள்ளை. சேவாக் 99. இந்தியாவுக்கு ஒரு ஓட்டம் போதும். ரந்திவ் கோட்டைத் தாண்டி ஒரு நீண்ட அடி வைத்து நோபோல் போட்டார். அந்த ஒரு ஓட்டத்தில் ஆட்டம் முடிந்தது. சேவாக் அடித்த ஆறு கணக்கில் வரவில்லை, 99 இலேயே நின்றார். ரந்திவுக்கு ஒரு போட்டித் தடை, சொல்லிக் கொடுத்த டில்ஷானுக்குத் தண்டப்பணம்.

அப்போது தகரக் கொட்டிலில் இருந்தோம். மீள்குடியேறிப் புதுசு. பக்கத்துக் கொட்டில்காரர் ஒரு மாதமாக ஒரு மண்வெட்டியைத் திருப்பித் தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தவர். றேடியோவில் செய்தி கேட்டுவிட்டு, "சீ, மனுசத்தன்மை இல்லாத வேலை" என்று காறித் துப்பினார். அவரிடம் மண்வெட்டியைக் கேட்க அதுதான் நல்ல நேரம் என்று கேட்டேன். "நாளைக்கு" என்றார்.

15 ஏப்ரல்

புதுவருச விளையாட்டு விழா நேற்று. பெண்பிள்ளைகளுக்குக் கிளித்தட்டு வைத்தார்கள். மகளுக்குப் பதின்மூன்று வயது.

வெளியூர் வாசகர்களுக்கு: கிளித்தட்டில் ஒரு பக்கத்தார் கோடுகளில் நின்று மறிப்பார்கள், மறுபக்கத்தார் அவர்களுடைய கை படாமல் கோடு கோடாகத் தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும். பட்டால் போச்சு. புழுதி, சத்தம், எட்டுப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள். நடுவருக்கு இரண்டு கண்தான். பட்டதா இல்லையா என்று பாதி நேரம் தெரிவது இரண்டே பேருக்கு: தொட்டவளுக்கும், தொடப்பட்டவளுக்கும். சின்ன வயதில் நாங்கள் கிளித்தட்டு விளையாடிய நேரத்தை விடப் பட்டது, படவில்லை என்று சண்டை பிடித்த நேரம்தான் கூட.

மகள் எல்லாக் கோடும் தாண்டித் திரும்பி வந்துவிட்டாள். கடைசிக் கோடு. மறித்தவளின் விரல் பின்னலில் உரசியது. நான் அந்தப் பக்கம்தான் நின்றேன், கண்டேன். நடுவர் காணவில்லை. மறித்த பிள்ளையும் சரியாக உணரவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மகள் கோட்டைத் தாண்டி இரண்டடி போய் நின்றாள். திரும்பினாள். "பட்டது" என்றாள்.

அவளுடைய பக்கம் ஒரு புள்ளியால் தோற்றது.

இனி என் பங்கு. ஒரு மாதமாகக் கில்கிறிஸ்ட், வோல்ஷ் என்று எழுதிக்கொண்டிருப்பவன் நான். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த அதே நேரம் என் வாயிலிருந்து வந்தது: "பின்னல் பட்டால் பட்டதில்லையடி!" மைதானம் முழுவதும் கேட்டது. மைக் பிடித்தவர் திரும்பிப் பார்த்தார். நடுவர் என்னைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் வெளியில நில்லுங்கோ" என்றார். நான் வெளியில்தான் நின்றேன். இன்னும் இரண்டடி பின்னுக்குப் போனேன்.

வீட்டுக்கு வரும்போது மூன்று பேரும் ஒரு மோட்டார் சைக்கிள். மகள் நடுவில், மனைவி பின்னால். முறிப்புச் சந்தி வரை ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு மனைவி சொன்னார்: "பரவாயில்லை. எழுதுறதுக்கு உங்களுக்கு ஒண்டு கிடைச்சிட்டுது."

18 ஏப்ரல்

குணம், திறமை எல்லாம் போய், மூன்று நாளாகப் பின்னல் சண்டைதான் நடக்கிறது. முள்ளியவளைப் பக்கம் பின்னல் பட்டால் பட்டதாம். துணுக்காய்ப் பக்கம் உடுப்பும் தலைமயிரும் கணக்கில்லையாம், தோல் படவேண்டுமாம். ஒட்டுசுட்டானில் விளையாடத் தொடங்க முதலே கேட்டுத் தீர்மானிப்பார்களாம், அதுதான் புத்தியான ஊர். எங்கள் ஒழுங்கையில் எண்பது தாண்டிய அப்பு ஒருவரைக் கேட்டேன். தன் தகப்பன் காலத்தில் ஆம்பிளைகளுக்குக் குடுமி இருந்ததாம், குடுமி பட்டாலும் பட்டதுதானாம். "ஆனால் பட்டது எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை" என்றார்.

மல்லாவித் தம்பி கேட்கிறான், மகள் தோற்றதற்குக் கோபமா, சொன்னதற்குப் பெருமையா என்று. இரண்டும், அந்த வரிசையில்தான். பெருமை வர அடுத்த நாள் காலை ஆகிவிட்டது.

அடுத்த மாதம் கோயில் பொங்கலுக்கு மறுபடி போட்டி. நடுவராக வரமுடியுமா என்று கேட்டார்கள், என் பிள்ளை விளையாடுகிறாள், முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர்களும் வற்புறுத்தவில்லை. மகள் இப்போது பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகிறாள்.